பதறாத ஆட்கள் தேவை

கொதிகலனின் பக்கச் சுவரில், ஓர் ஆள் உடம்பைக் குறுக்கி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அதன் வெளியே ஒருவர் நிற்கிறார். கையில் பதிவேடு, கழுத்தில் விசில். உள்ளே போனவர்கள் யார் யார், எத்தனை மணிக்குப் போனார்கள், யார் திரும்பி வந்துவிட்டார்கள் என்று எழுதிக்கொண்டே இருப்பது அவர் வேலை. உள்ளிருக்கும் வெல்டர் தண்ணீர் கேட்டாலும் எடுத்து வரப் போகக்கூடாது. சூப்பர்வைசரே கூப்பிட்டாலும், மாற்று ஆள் வந்து பதிவேட்டை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. இந்த வேலைக்கு ‘ஹோல் வாட்ச்’ என்று பெயர். தொழில் தெரியாத புது ஆளைக்கூட நிறுத்திவிடலாம் என்று பலர் நினைக்கும் வேலை இது.

அந்த நினைப்பு தவறு. உள்ளே ஒருவர் சுருண்டு விழுந்தால் ஹோல் வாட்ச் என்ன செய்ய வேண்டும்? விசில் ஊத வேண்டும், மீட்புக் குழுவை அழைக்க வேண்டும், உள்ளே இருக்கும் மற்றவர்களை வெளியே வரச் சொல்ல வேண்டும். தான் மட்டும் உள்ளே பாய்ந்துவிடக் கூடாது. விழுந்தவர் சொந்த அண்ணனாக இருந்தாலும் கூடாது. மூடிய இடங்களில் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்த அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள், இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று 1986இல் எச்சரித்தார்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போன இரண்டாமவரும் அவரைத் தேடிப் போன மூன்றாமவரும் பிணமாக வந்த செய்தியைப் படிக்காதவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஓடிப்போய்த் தூக்கத் துடிக்கும் கையைக் கட்டிப்போட்டு, செய்ய வேண்டியதை வரிசைப்படி செய்வதற்கு ஒரு மனம் வேண்டும். அந்த மனம் உள்ளவர்களுக்குத்தான் நெய்வேலியைச் சுற்றி ஆண்டின் பல மாதங்களில் வேலை இருக்கிறது.

நெருக்கடியில் நிதானம் தவறாதவர்களுக்கு ஏற்ற பருவகால வேலைகள் எவை என்று உலகப் பட்டியல்களில் தேடினால், பனிச்சறுக்கு மலைகளில் மீட்புப் பணி, கோடைக் கடற்கரையில் உயிர்காப்பாளர், காட்டுத்தீ அணைக்கும் படை என்று வரும். நெய்வேலிப் பக்கத்துப் பட்டியல் வேறு. தைப்பூசத்தன்று வடலூர் சத்திய ஞான சபையில் ஏழு திரை நீக்கி ஜோதி காட்டும்போது முன்னே நெருக்கும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் தொண்டர்கள். பங்குனி உத்திரத்தில் வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்கு வரும் காவடிகளுக்கு நடுவே வழி ஏற்படுத்துபவர்கள். மாசி மகத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலையைப் பார்த்தபடி நிற்பவர்கள். சித்திரை வெயிலில், காற்றுப் பட்டாலே தானாகப் புகையத் தொடங்கும் பழுப்பு நிலக்கரிக் குவியல்களுக்குத் தண்ணீர் அடிப்பவர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுரங்கத்தின் அடியில் பம்ப் ஓட்டுபவர்கள். புயல் போன மறுநாள் மின்கம்பம் ஏறுபவர்கள். இத்தனை இருந்தும், மந்தாரக்குப்பத்திலும் வடலூரிலும் குறிஞ்சிப்பாடியிலும் இளைஞர்கள் காத்திருப்பது ஒன்றுக்குத்தான்: ஷட்டவுன்.

கொதிகலனுக்குச் சட்டப்படி தரப்படும் சான்றிதழின் ஆயுள் பொதுவாக 12 மாதம். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025இல் புதிய கொதிகலன் சட்டம் வந்த பிறகும், குறித்த காலத்தில் நிறுத்தித் திறந்து சோதிப்பது மாறவில்லை. கோடையில் மின் தேவை உச்சத்தில் இருக்கும். அப்போது யூனிட்டை நிறுத்த மனம் வராது. மே முதல் செப்டம்பர் வரை காற்றாலை கை கொடுக்கும். அடுத்து மழை வந்தால் தேவையே குறையும். ஆகவே கோடை உச்சம் கழிந்த மாதங்களில் யூனிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓவர்ஹாலுக்கு நிற்கும். இதுதான் ஷட்டவுன். நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட்டுகள் 7, அதன் விரிவாக்கத்தில் 250 மெகாவாட் 2, முதல் நிலைய விரிவாக்கத்தில் 210 மெகாவாட் 2, புதிய நிலையத்தில் 500 மெகாவாட் 2. ஆக 13. 1962 முதல் ஓடிய பழைய 600 மெகாவாட் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டதால் அந்த வேலை போயிற்று. மிச்சமுள்ள 13 யூனிட்டுகளே ஒரு கைதேர்ந்த ஃபிட்டருக்கு ஆண்டில் பாதியை ஓட்டிக் கொடுத்துவிடும். ஆண்டுப் பராமரிப்பு என்றால் மூன்று, நான்கு வாரம். டர்பைனையே திறந்து போடும் பெரிய ஓவர்ஹால் என்றால் இன்னும் நீளும்.

இந்த வாரங்களில் உள்ளே நடப்பதை வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. அடுப்பு அணைந்து ஆறுவதற்கே நாள் பிடிக்கும். ஆறியதும் சாரம் கட்டுபவர்கள் முதலில் நுழைவார்கள். அவர்கள் கட்டும் பைப் சாரத்தை நம்பித்தான் மற்ற எல்லோரும் ஏற வேண்டும். உள்ளே எடுத்துப் போகும் விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. சுற்றிலும் இரும்பு, உடம்பெல்லாம் வியர்வை, 230 வோல்ட் கசிந்தால் பிழைப்பது அரிது. காற்றில் ஆக்சிஜன் இயல்பாக 20.9 சதவீதம். மீட்டர் 19.5க்குக் கீழே காட்டினால் யாரும் நுழையக்கூடாது.

வெல்டர்களில் அரசன் எச்.பி. வெல்டர், அதாவது உயர் அழுத்தக் குழாய்களை ஒட்டுபவர். ஓடும்போது 540 டிகிரி நீராவியைச் சுமக்கும் குழாய்களில் அவர் போடும் ஒட்டில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் யூனிட் மறுபடி நிற்கும். குழாய்கள் நெருக்கமாக நிற்பதால் பின்பக்கத்தைக் கண்ணால் பார்க்க முடியாத இடங்கள் உண்டு. அங்கே சிறு கண்ணாடி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடி வெல்டிங் அடிக்க வேண்டும். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும், கை எதிர்ப்பக்கம் போகும். மூச்சு ஒரே சீராக வர வேண்டும். பயிற்சிப் பட்டறையில் குழாயைச் சாய்வாக நிறுத்தி நடத்தும் ‘சிக்ஸ் ஜி’ தேர்வில் அழகாகப் போட்டவர்கள்கூட, இந்தக் கண்ணாடி முன்னால் தடுமாறிப் போவதுண்டு.

அவர் போட்ட ஒட்டு சரியா என்று பார்ப்பது இரவில். எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, சிவப்பு விளக்கும் கயிறும் கட்டி, கதிரியக்க இரிடியத்தை வைத்து எக்ஸ்ரே போல் படம் எடுப்பார்கள். சாப்பாட்டுக்குப் போன யாரோ ஒருவர் திரும்பி வரும் வழியில் தெரியாமல் கயிற்றைத் தாண்டிவிட்டால் போதும். வேலி ஓரம் நிற்கும் உதவியாளர் தூங்கி வழிந்தால் அந்த வேலியால் பயனே இல்லை.

நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 210 மெகாவாட் யூனிட் ஒன்று ஒரு நாள் தாமதமாகத் தொடங்கினால் 50.4 லட்சம் யூனிட் மின்சாரம் போச்சு. 500 மெகாவாட் என்றால் 1.2 கோடி யூனிட். ஓவர்ஹால் அட்டவணையின் கடைசி வாரத்தில் இந்த எண்கள் எல்லோர் தலைக்கு மேலும் தொங்கும். அதிகாரி ஒப்பந்ததாரரைக் கேட்பார், ஒப்பந்ததாரர் சூப்பர்வைசரைக் கேட்பார், சூப்பர்வைசர் வெல்டரின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். “எவ்வளவு நேரம் ஆகும்?” என்ற கேள்விக்குப் பயந்து கை வேகமெடுத்தால் ஒட்டு கெடும். கேள்வி காதில் விழாதது போல அதே வேகத்தில் போடுபவரைத்தான் அடுத்த ஷட்டவுனுக்கும் முதல் ஆளாகப் போன் போட்டுக் கூப்பிடுகிறார்கள். வளைகுடாவின் எண்ணெய் ஆலைகளுக்கு 60 நாள், 90 நாள் விசாவில் பறக்கும் நெய்வேலி வட்டாரத்து ஆட்களுக்கும் இந்தப் பெயர்தான் முதல். அங்கே கட்டார் போன்ற நாடுகளில் ஜூன் முதல் செப்டம்பர் பாதி வரை வெயில் நேரத்தில் திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. வெயிலுக்காவது கடிகாரம் பார்க்கிறார்கள்.

மழைக்கால வேலை

கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். 2015 நவம்பர் 9இல் நெய்வேலியில் ஒரே நாளில் 483 மில்லிமீட்டர் பதிவானது. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அது என்ன அர்த்தம் என்பதை இந்த ஊருக்கு விளக்க வேண்டாம். கீழிருந்து அழுத்தும் ஆர்ட்டீசியன் நீரை ஆண்டு முழுவதும் இறைத்தால்தான் நிலக்கரித் தளம் பிழைக்கும். மேலிருந்து மழையும் சேர்ந்தால் இரு பக்கத் தாக்குதல். தண்ணீர் ஏற ஏற பம்பை நகர்த்த வேண்டும், குழாயை இணைக்க வேண்டும், கேபிளைச் சேற்றிலிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டும். களிமண் ஒட்டி அடைத்துக்கொண்ட கன்வேயர் சூட்டைச் சுத்தம் செய்யும் வேலையும் இந்த மாதங்களில்தான் பெருகும். பெல்ட் உண்மையிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறதா, சுவிட்சில் பூட்டுப் போட்டாயிற்றா, சாவி யாரிடம் என்று கேட்காமல் கை வைப்பவர் அந்த வேலைக்கு ஆகாதவர். சுரங்கத்தின் மண் சரிவில் ஒரு விரிசல் நேற்றைவிட இன்று நீண்டிருக்கிறதே என்று கவனித்து, கத்தாமல், தெளிவாக, உரியவரிடம் சொல்லத் தெரிந்தவர் ஆகிறவர்.

புயலுக்குப் பிந்தைய வேலையும் அப்படியே. 2011 டிசம்பர் 30 காலை ‘தானே’ புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிப் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோதும், 2018இல் ‘கஜா’ டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்களை முறித்தபோதும், 2024 நவம்பர் 30இல் ‘ஃபெஞ்சல்’ வந்தபோதும் வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் லைன்மேன்கள் வந்து இறங்கினார்கள். கூடவே தினக்கூலிக்குக் கம்பம் நடும் ஆட்களும். நாலு நாளாகக் கரண்ட் இல்லாத ஊர் சாலையை மறித்து உட்கார்ந்திருக்கும். அத்தனை பேர் கண்ணும் கம்பத்தின் மேல் இருக்கும் ஒருவர் மீதுதான். அவரோ ‘எல்.சி.’ (கம்பியில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்ற அனுமதி) வாங்கியாயிற்றா என்று இரண்டாம் முறை கேட்டு உறுதிசெய்ய வேண்டும். வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் எர்த் ராடு மாட்ட வேண்டும். ஏன் இருபுறமும்? துணைமின் நிலையத்தில் நிறுத்தியிருந்தாலும், ஏதோ ஒரு வீட்டிலோ கடையிலோ சரியாகப் பிரிக்காமல் ஓட்டப்படும் ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர் வழியாகப் பின்னோக்கி உயர் அழுத்தக் கம்பிக்கு மின்சாரம் ஏற்றிவிடும். செத்துக் கிடக்கும் கம்பி என்று நம்பிக் கை வைத்தவர் செத்துப்போவது இப்படித்தான். கீழே நிற்கும் கூட்டத்தின் அவசரத்தில் அந்த ஐந்து நிமிடத்தைச் சுருக்காதவரே வீடு திரும்புகிறார்.

தூக்கம் எங்கே?

ஆள் எடுப்பவர்களின் பேச்சில் ஒரு நம்பிக்கை திரும்பத் திரும்ப வருகிறது: நிதானம் என்பது பிறவிக் குணம், சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை, உள்ளவரைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டால் போதும். பாதிதான் உண்மை. மேலே சொன்ன எல்லா வேலைகளுக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு. எவ்வளவு அமைதியான ஆளையும் அது இரண்டே நாளில் தடுமாற வைத்துவிடும். தூக்கமின்மை.

1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர், தூங்காதவர்களையும் மது அருந்தியவர்களையும் ஒரே கைத்திறன் தேர்வுக்கு உட்படுத்தி ஒப்பிட்டார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்பாடு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கியிருந்தது. 24 மணி நேரம் என்றால் 0.10 சதவீதம். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே குற்றம். ஆலை வாசலில் ஊதச் சொல்லும் கருவி வைக்கலாம், குடித்தவர் மாட்டிக்கொள்வார். தூங்காதவரைக் காட்டிக்கொடுக்க எந்த வாசலிலும் கருவி இல்லை.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் நாளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 6 மணி ஷிஃப்டுக்கு விடியற்காலை 4 மணிக்கு எழுந்தாக வேண்டும். மதியம் 2 மணிக்கு வேலை முடியும் நேரத்தில் “அடுத்த ஆள் வரல, டபுள் டூட்டி பாத்துடு” என்று சொன்னால் இரவு 10 வரை நிற்க வேண்டும். இரவு 9 மணிக்கே அவர் 17 மணி நேரத்தை எட்டிவிட்டார். அதே கையால் கிரேனுக்குச் சிக்னல் காட்டுகிறார், அதே கண்ணால் பதிவேட்டைச் சரிபார்க்கிறார். பிறகு விக்கிரவாண்டி–கும்பகோணம் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே பைக்கில் வீட்டுக்குப் போகிறார். வீடு சேர்ந்து சாப்பிட்டுப் படுக்க 11.30. மறுபடி 4 மணிக்கு அலாரம். நாலரை மணி நேரத் தூக்கம். இது ஒருநாள் மட்டும் என்றால் உடம்பு சமாளிக்கும். ஷட்டவுன் முழுக்க என்றால்?

இரவு ஷிஃப்ட் இன்னொரு கொடுமை. நெய்வேலி டவுன்ஷிப்பின் வட்டங்களில் மரநிழலும் கான்கிரீட் கூரையும் உள்ள குவார்ட்டர்ஸில் பகலில் கண்ணயர முடியும். தகரக் கூரைக்குக் கீழே மே மாதம் பகல் 11 மணிக்கு யார் தூங்குவது? பக்கத்தில் குழந்தை, தெருவில் ஒலிபெருக்கி, நடுவில் கரண்ட் போகும். மனைவி கதவைச் சாத்திவைத்து அக்கம்பக்கத்தாரிடம் கெஞ்சி வாங்கித் தரும் இரண்டு மணி நேரம்தான் அவருக்கு முதலீடு. அதை வைத்துக்கொண்டுதான் உடம்பு தன் இயல்பிலேயே மிகவும் தளரும் நேரமான பின்னிரவு 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவே நிதானம் காட்ட வேண்டும். போபாலில் விஷவாயு கசிந்தது 1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி. செர்னோபில் வெடித்தது 1986 ஏப்ரல் 26, பின்னிரவு 1.23. அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து தொடங்கியது 1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. ஒவ்வொன்றுக்கும் வேறு பல காரணங்கள் உண்டு. ஆனாலும் அந்த நேரத்தில் விழித்திருந்தவர்களின் மூளை எந்த நிலையில் இருந்திருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஷட்டவுனுக்கு நேரடியாகப் பொருந்தும் உதாரணம் 2005 மார்ச் 23இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் நடந்தது. அங்குள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பராமரிப்புக்காக நிறுத்திய பகுதி ஒன்றை மறுபடி தொடங்கும்போது கோபுரம் ஒன்று அளவுக்கு மேல் நிரம்பி, வெளியே வழிந்த எரிபொருளின் ஆவி வெடித்தது. 15 பேர் இறந்தார்கள். 15 பேருமே ஒப்பந்தப் பணியாளர்கள், ஓவர்ஹாலுக்காக வைத்திருந்த தற்காலிக டிரெய்லர் அறைகளிலும் அவற்றின் அருகிலும் இருந்தவர்கள். விசாரணையில் வெளிவந்த ஒரு தகவல் மறக்கக்கூடியதல்ல: அந்தப் பகுதியை இயக்கியவர்கள் 29 நாட்களோ அதற்கு மேலோ விடுப்பே இல்லாமல் தினமும் 12 மணி நேர ஷிஃப்ட் பார்த்தவர்கள். நிரம்புகிறது என்பதைக் காட்டும் குறிப்புகள் கண்முன் இருந்தும் மூளையில் பதியவில்லை. அதன் பிறகுதான், 2010இல், அந்நாட்டு எண்ணெய்த் தொழில் பணியாளர் களைப்பைக் கட்டுப்படுத்த எழுத்துபூர்வமான தரம் ஒன்றை வகுத்தது.

2020 மே மாதமும் ஜூலை மாதமும் நெய்வேலியில் நடந்த கொதிகலன் விபத்துகளை இங்கே யாரும் மறக்கவில்லை. அவற்றுக்கும் தூக்கத்துக்கும் முடிச்சுப் போடுவது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. கொதிகலன் மன்னிக்காத இயந்திரம் என்பதை இந்த ஊர் எவ்வளவு விலை கொடுத்துக் கற்றது என்பது மட்டும் நினைவிலிருந்தால் போதும்.

“ஓ.டி.க்காகத்தான் ஷட்டவுனுக்கே வருகிறோம், அதைக் குறைத்தால் இந்தப் பருவத்தில் என்ன மிஞ்சும்” என்று தொழிலாளர்களிலேயே ஒரு சாரார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் 8 மணி நேரக் கூலி குடும்பம் நடத்தும் அளவுக்கு இருக்க வேண்டும் என்பதே; ஓர் ஆளின் தூக்கத்தை விற்று அந்தப் பள்ளத்தை நிரப்புவது பதிலாகாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே வாரத்துக்கு 48 மணி (ஆறு நாளுக்கு 8 மணி வீதம்), எந்த நாளிலும் 9 மணிக்கு மேல் கூடாது என்று வரம்பு போட்டது. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பில் அது திரும்பப் பெறப்பட்டது. காகிதத்தில் காப்பாற்றிய அந்த 8 மணி நேரம், ஷட்டவுன் நடக்கும் வாரங்களில் கொதிகலன் துவாரத்துக்கு வெளியே பதிவேடு பிடித்து நிற்பவருக்கும் கிடைக்க வேண்டும்.

செய்வதற்கு வழி இருக்கிறது, செலவும் பெரிதல்ல. பெரிய ஆலைகளின் வாசலில் இன்று விரல்ரேகையோ முகமோ பதிந்துதான் உள்ளே விடுகிறார்கள். ஒருவர் எத்தனை மணிக்கு வெளியேறினார் என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியும். ஐரோப்பிய நாடுகளின் சட்டம் இரண்டு வேலைநாட்களுக்கு நடுவே 11 மணி நேரம் இடைவெளி கேட்கிறது. அதே 11 மணி நேரம் ஆகாமல் கதவு திறக்காதபடி இங்கேயும் அமைத்துவிடலாம். பகலில் ஓர் ஒப்பந்ததாரரிடமும் இரவில் இன்னொருவரிடமும் வேலை பார்ப்பவரும் அதில் தெரிந்துவிடுவார். இரவு ஷிஃப்ட் ஆட்களுக்கு ஆலைக்கு அருகே இருட்டாக்கிய, மின்விசிறி ஓடும் படுக்கைக் கூடம் ஒன்று வேண்டும். ஒப்பந்தப் புள்ளியிலேயே இந்த இரண்டையும் நிபந்தனையாக எழுதட்டும். அடுத்த ஓவர்ஹால் பருவத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கும் முன் தொழிற்சங்கங்கள் இதைக் கோரிக்கையாக வைக்கட்டும். ஷட்டவுனுக்குப் போகும் மகனையோ கணவனையோ வழியனுப்பும் வீடுகளும், கூலி எவ்வளவு என்று கேட்பதோடு, ஓய்வு எத்தனை மணி நேரம் என்பதையும் ஒப்பந்ததாரரிடம் கேட்டுவிட்டே அனுப்பட்டும்.